பழைய பொம்மை ரயில் எஞ்சின் ஓடலையா? ஸ்பேர் பார்ட்ஸ் தேடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பரணில் இருந்து இறக்கிய பழைய அட்டைப் பெட்டி. உள்ளே ஒரு பொம்மை ரயில் எஞ்சின். தண்டவாளத்தில் வைத்து கரண்ட் கொடுத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். அவ்ளோதான். நகரவே மாட்டேங்குது.

"கம்பெனியே மூடிட்டாங்க, இதுக்கு இப்போ ஸ்பேர் எங்கே கிடைக்கப் போகுது?" என்று பெட்டியை மூடி வைத்துவிடுகிறோம். சிலர் ஒரு படி மேலே போய், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஆனால் 60, 70 ஆண்டு பழைய எஞ்சின்களுக்கும் இன்று புதிதாகவே பாகங்கள் கிடைக்கின்றன. பலருக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணம், தேடும் பெயர் தவறாக இருப்பதுதான். எஞ்சினின் பெயரைத் தேடுகிறோம். தேட வேண்டியது உள்ளே இருக்கும் மோட்டாரின் பெயரை.

பிரிட்டனில் அதிகம் புழங்கிய ட்ரை-ஆங், ஹார்ன்பி எஞ்சின்களை உதாரணமாக வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலில், உங்க கையில் இருப்பது எந்த 'ஹார்ன்பி'?

பழைய பிரிட்டிஷ் மாடல் ரயில் என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர் 'ஹார்ன்பி'. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பரம்பரைகள் இருக்கின்றன.

ஒன்று, லிவர்பூல் பரம்பரை. மெக்கானோ விளையாட்டுப் பொருளை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-ல் சாவி கொடுத்து ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தார். அவர் இறந்த பிறகு, 1938-ல் அதே நிறுவனம் அளவில் சிறிய 'ஹார்ன்பி டப்ளோ' ரயில்களை வெளியிட்டது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். பெரும்பாலான எஞ்சின்களின் உடம்பே உலோக வார்ப்பு. 1950-களின் கடைசி வரை இவை மூன்று தண்டவாளத்தில் ஓடின.

இன்னொன்று, மார்கேட் பரம்பரை. ரோவெக்ஸ் என்ற பிளாஸ்டிக் நிறுவனம் 1950-ல் ஒரு ரயில் செட் செய்தது. அதை லைன்ஸ் பிரதர்ஸ் குழுமம் வாங்கி, 'ட்ரை-ஆங் ரயில்வேஸ்' என்று பெயர் வைத்தது. பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு தண்டவாளம், குறைந்த விலை. 1954-ல் தொழிற்சாலை இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரை ஊரான மார்கேட்டுக்கு வந்தது.

1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ், லிவர்பூல் நிறுவனத்தை வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டே பெட்டிகளில் 'ட்ரை-ஆங் ஹார்ன்பி' என்ற பெயர் வந்தது. 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் குழுமமே விழுந்தது. 1972 முதல் மார்கேட் ரயில்கள் 'ஹார்ன்பி ரயில்வேஸ்' ஆகின.

விஷயம் என்னன்னா, 1970-களில் வந்த 'ஹார்ன்பி' எஞ்சின், பெயரில்தான் ஹார்ன்பி. உள்ளே இருப்பது ட்ரை-ஆங். அதற்கு 'ஹார்ன்பி டப்ளோ' பாகம் வாங்கினால் பொருந்தாது. இரண்டும் ஒரே 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும், இரண்டுக்கும் 12 வோல்ட்தான். ஆனால் மோட்டார் வேறு, சக்கரம் வேறு, திருகு வேறு.

எஞ்சினைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்க. எந்தப் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முதல் தடயம்.

பக்கவாட்டில் இருக்கும் எண் எதற்கு?

இங்கே பலர் சறுக்குவார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் 46201 என்று எழுதியிருக்கும். அதைப் போட்டு ஸ்பேர் தேடுவார்கள். ஒன்றும் வராது.

காரணம், அது பொம்மையின் எண் இல்லை. நிஜ ரயிலின் எண். 46201 என்பது 1933-ல் தயாரான 'பிரின்சஸ் எலிசபெத்' என்ற உண்மையான நீராவி எஞ்சினுக்கு பிரிட்டிஷ் ரயில்வே கொடுத்த எண். மாடலில் அதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

மாடலின் எண் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். ட்ரை-ஆங், ஹார்ன்பி ரயில்களில் அது 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். 'ஜின்ட்டி' என்று செல்லமாக அழைக்கப்படும் சிறிய டேங்க் எஞ்சினுக்கு ஆர்.52. பெட்டி தொலைந்துவிட்டதா? பழைய கேட்டலாக்கில் படத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

ஆர் எண் தெரிந்துவிட்டால் அடுத்து 'சர்வீஸ் ஷீட்'. அந்தக் காலத்தில் பழுது பார்க்கும் டீலர்களுக்காக நிறுவனமே அச்சிட்டுக் கொடுத்த தாள் இது. எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்தது போல ஒரு படம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண். இவற்றில் பலவற்றை ரயில் ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். டிஸ்பிளே தெளிவாக இருக்கும் போனில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாகத்தின் எண்ணோடு போனால் விற்பவரும் சரியானதை எடுத்துக் கொடுப்பார். "அந்தச் சின்ன வளைஞ்ச கம்பி" என்று கேட்டால் அவருக்கும் புரியாது.

ஒரே மோட்டார், பல எஞ்சின்கள்

இனிதான் நல்ல செய்தி.

1950-களில் இருந்து 1970-கள் வரை, ட்ரை-ஆங் தன் எஞ்சின்களில் பலவற்றுக்கு ஒரே மோட்டாரைத்தான் போட்டது. அதன் பெயர் எக்ஸ்04. மேலே உடம்பு மாறும், சக்கரங்களின் எண்ணிக்கை மாறும், பெயர் மாறும். உள்ளே பெரும்பாலும் அதே எக்ஸ்04, அல்லது அதன் அண்ணன் எக்ஸ்03.

அதனால்தான் இன்றும் இதற்குப் பாகம் செய்து விற்பது சிறு வியாபாரிகளுக்குக் கட்டுப்படியாகிறது. கார்பன் பிரஷ், ஸ்பிரிங், காந்தம், ஆர்மேச்சர், கியர் என இந்த மோட்டாரின் முக்கியப் பாகங்கள் எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கின்றன. உங்க எஞ்சின் அரிதானதாக இருக்கலாம். அதன் மோட்டார் அரிதானதாக இருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. எக்ஸ்03, எக்ஸ்04 இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஷாஃப்ட்டில் இருக்கும் வார்ம் கியரின் புரி வேறு. ஒன்றின் கியர் இன்னொன்றின் பல்சக்கரத்தோடு சேராது. ஆர்மேச்சரை மாற்றும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புரியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பொருத்துங்கள்.

வாங்கும் முன், எது போயிருக்குன்னு பாருங்க

நம்ம வீட்டு மிக்ஸி நின்றுபோனால் மெக்கானிக் திறந்து பார்க்கும் முன்பே, "கார்பன் போயிருக்கும் சார்" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். பொம்மை ரயில் மோட்டாரும் அதே குடும்பம்தான். பழுதுகளும் கிட்டத்தட்ட அதே.

தண்டவாளத்தில் வைத்துச் சோதிக்காதீர்கள். தண்டவாளம் அழுக்கா, கன்ட்ரோலர் பழுதா, எஞ்சின் பழுதா என்று பிரித்தறிய முடியாது. உடம்பைக் கழற்றிவிட்டு, ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இருந்து இரண்டு ஒயர் எடுத்து, மோட்டாரின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்க. மோட்டார் சுற்றினால், பிரச்சினை சக்கரத்திலோ கரண்ட் எடுக்கும் தகட்டிலோ இருக்கிறது. சுற்றவில்லை என்றால் கீழே உள்ளதைப் பாருங்க.

அசைவே இல்லை, சத்தமும் இல்லை: கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்து, கார்பனை அழுத்தாமல் இருக்கலாம். ஆர்மேச்சரின் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் கறுத்துப் போயிருக்கலாம்.

முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை: பெரும்பாலும் பாகம் எதுவும் போகவில்லை. பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். இதற்கு ஸ்பேர் வாங்குவது வீண் செலவு. சுத்தம் செய்தால் போதும்.

மெதுவாக ஓடுகிறது, சீக்கிரமே சூடாகிறது: காந்தம் வலுவிழந்திருக்கலாம். அல்லது ஆர்மேச்சர் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை: கியர் விரிசல் விட்டிருக்கும், அல்லது ஷாஃப்ட்டில் பிடிப்பில்லாமல் வழுக்கும்.

சக்கரம் சுற்றுகிறது, எஞ்சின் இழுக்கவில்லை: சில மாடல்களில் பிடிப்புக்காகச் சக்கரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். அது காய்ந்து, வெடித்துப் போயிருக்கும். புதிய வளையம் எளிதில் கிடைக்கும். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விஷயம். பெரியதைப் போட்டால் கழன்றுவிடும், சிறியதைப் போட்டால் சீக்கிரம் அறுந்துவிடும்.

இந்தக் கடைசிப் பழுதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. சில ட்ரை-ஆங் எஞ்சின்களில் 'மேக்னடிஷன்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. எஞ்சினில் உள்ள காந்தம் இரும்புத் தண்டவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் எஞ்சின் வழுக்காது. இன்று விற்கும் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர். அதில் காந்தம் ஒட்டாது. எனவே அன்று பத்துப் பெட்டி இழுத்த எஞ்சின் இன்று குறைவாக இழுத்தால், அது பழுதில்லை. தண்டவாளம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இருந்தா இதைச் செய்ங்க

ஆர்மேச்சர்தான் மோட்டாரின் விலை உயர்ந்த பாகம். அது நன்றாக இருக்கிறதா என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

எக்ஸ்04 ஆர்மேச்சரில் மூன்று காயில்கள். அதனால் கம்யூட்டேட்டரும் மூன்று துண்டுகளாக இருக்கும். மீட்டரை ஓம்ஸ் அளவில் வைத்து, ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என்று அளந்து பாருங்க. மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் ஆர்மேச்சர் நல்லாத்தான் இருக்கு. ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் காயில் போய்விட்டது. கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் இன்சுலேஷன் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அளக்கும் முன், மூன்று துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்துவிடுங்கள். பல ஆண்டுகளாக உதிர்ந்த கார்பன் தூள் அங்கே அடைந்திருக்கும். அதுவே ஷார்ட் ஆகி, நல்ல ஆர்மேச்சரைக் கெட்டது போலக் காட்டும்.

சின்னப் பாகம், பெரிய தவறு: இந்த மூன்றைச் செய்யாதீங்க

ஒன்று: எக்ஸ்04-ல் இரண்டு கார்பன்களையும் அழுத்துவது, இரண்டு கால்கள் கொண்ட ஒரே கம்பி ஸ்பிரிங். அதில் ஒரு காலில் மட்டும் மெல்லிய குழாய் போல ஒரு உறை இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு பக்கக் கரண்ட் சேசிஸ் வழியாகப் போவதால், மறுபக்கத்தைப் பிரித்து வைப்பதே இந்த உறைதான். சுத்தம் செய்யும்போது அதைத் தொலைத்துவிட்டு மாட்டினால் நேரடி ஷார்ட். "எல்லாம் புதுசா போட்டேன், ஆனா ஓடலை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டு: காந்தத்தைத் தேவையில்லாமல் வெளியே எடுக்காதீர்கள். இந்தப் பழைய காந்தங்கள் அல்னிகோ என்ற கலவை உலோகத்தால் ஆனவை. சுற்றியுள்ள இரும்புத் தகடுகளில் இருந்து பிரித்தால் அவற்றின் வலு குறையும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுக்கும் நேரத்திலேயே ஒரு இரும்புத் துண்டை இரு முனைகளையும் தொடும்படி ஒட்ட வையுங்கள். ஏற்கெனவே வலு குறைந்துவிட்டதா? மறுபடி காந்தமேற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். சிறிய நியோடிமியம் காந்தங்களை மாற்றாகப் பொருத்தும் வழியும் உண்டு.

மூன்று: கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாளடைவில் பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்து வைத்தால் போதும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது. இறுகிய கிரீஸை எடுக்க, மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்கப் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது. ஆனால் அதை உலோகப் பாகங்களில் மட்டும் பயன்படுத்துங்கள், பெயின்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் போன்றவை பிளாஸ்டிக் உடம்பை உருக்கிவிடும்.

சரி, பாகம் எங்கே கிடைக்கும்?

நான்கு வழிகள் இருக்கின்றன. வரிசையும் முக்கியம். முதல் வழியில் கிடைத்தால் அடுத்ததுக்குப் போக வேண்டாம்.

புதிதாகச் செய்த மாற்றுப் பாகம்: பிரஷ், ஸ்பிரிங், ரப்பர் வளையம், கியர், இணைப்புக் கொக்கி, புகைபோக்கி போன்றவை. பிரிட்டனில் பழைய ரயில் பாகங்களுக்கென்றே இணையக் கடைகள் உள்ளன. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சிறந்தது. இந்திய முகவரிக்கு வரவழைப்பதாக இருந்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்து பாகத்தின் விலையையே தாண்டிவிடலாம். தேவையானதை எல்லாம் பட்டியல் போட்டு ஒரே ஆர்டரில் வாங்குவது லாபம்.

விற்காமல் மிச்சமான பழைய ஸ்டாக்: அந்தக் காலத்திலேயே தயாராகி, டீலர் கடை அலமாரியில் தங்கிப்போன ஒரிஜினல் பாகம். விலை அதிகம். உலோகப் பாகம் என்றால் நம்பி வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். பாக்கெட் பிரிக்காமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஆகும்.

ஓடாத இன்னொரு எஞ்சின்: உடம்பு உடைந்து, மோட்டார் மட்டும் நன்றாக இருக்கும் எஞ்சினை வாங்கி, அதிலிருந்து பாகம் எடுப்பது. பழைய ரயில் சந்தைகள், ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகள், ஆன்லைன் ஏலங்களில் 'ஸ்பேர்ஸ் அல்லது ரிப்பேருக்கு' என்ற குறிப்போடு விற்பார்கள். லண்டனிலோ லிவர்பூலிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்லி வைக்கலாம். நேரில் பார்த்து வாங்குவது எப்போதும் நல்லது.

செய்து வாங்குவது: எங்குமே கிடைக்காத பாகம் என்றால் இதுதான் கடைசி வழி. உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளை 3டி பிரின்டில் எடுக்கலாம். தேய்ந்த புஷ், வளைந்த அச்சு போன்றவற்றைச் சிறிய வேலை செய்யும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஆர்மேச்சருக்கும் திரும்பக் காயில் கட்ட முடியும். கம்பி மிக மெல்லியது என்பதால் பொறுமையான கை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பழைய பாகம் மாதிரியாகத் தேவை. உடைந்த துண்டுகளைக் கூட குப்பையில் போடாதீர்கள்.

ஒன்றை உடைத்து இன்னொன்றைக் காப்பாற்றலாமா?

மூன்றாவது வழியில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாகத்துக்காக ஒரு எஞ்சினைப் பிரித்துவிட்டால், உலகில் அந்த மாடலில் ஒன்று குறைகிறது.

ஜின்ட்டி போல அதிகம் விற்பனையான மாடல் என்றால் கவலையில்லை. உடம்பு நொறுங்கிய ஒன்றில் இருந்து மோட்டார் எடுப்பது நியாயமான வேலைதான். ஆனால் குறைவாக வந்த நிறம், குறுகிய காலம் மட்டும் தயாரித்த வகை என்றால் நிறுத்தி யோசியுங்கள். இரண்டு ரூபாய்ப் பொருளுக்காக இருநூறு ரூபாய்ப் பொருளைப் பிரித்த கதையாகிவிடும். பிரிக்கும் முன் அது என்ன மாடல் என்று தெரிந்தவர்களிடம் ஒரு போட்டோ காட்டிக் கேளுங்கள். 1969 முதல் இயங்கும் ஹார்ன்பி ரயில்வே சேகரிப்பாளர்கள் சங்கம் போன்ற அமைப்புகள் இருப்பது இது போன்ற விஷயங்களுக்காகத்தான்.

எந்த ஸ்பேரும் காப்பாற்றாத ஒரு நோய்

இதைத் தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் அதிகம்.

பழைய எஞ்சின்களின் அடிச்சட்டமும் சக்கரமும் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்தவை. அந்தத் துத்தநாகத்தில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், உலோகம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். முதலில் மயிரிழை விரிசல். பிறகு உலோகம் வீங்கும், வளையும். கடைசியில் பிஸ்கட் போல உதிரும். இதற்கு 'ஜிங்க் பெஸ்ட்' என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரயில்களில் இது அதிகம். பின்னாளில் வந்த சில மாடல்களையும் இது விடவில்லை.

இதற்கு மருந்து கிடையாது. ஒட்ட முடியாது, பெயின்ட் அடித்தும் நிறுத்த முடியாது. அதிக ஈரமும் அடிக்கடி மாறும் வெப்பமும் இல்லாத இடத்தில் வைத்தால் வேகம் குறையும். ஒரு ஆறுதல் என்னவென்றால், இது தொற்று நோய் இல்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல எஞ்சினுக்குப் பரவாது. வார்த்த அன்றே உள்ளே இருந்த குறை இது.

எனவே பழைய எஞ்சின் வாங்கும் முன் அடிச்சட்டத்தை நேர்கோட்டில் வைத்துப் பாருங்க. வளைந்திருக்கா? ஓரங்களில் சிலந்தி வலை போல விரிசல் இருக்கா? சக்கர விளிம்பு பிளந்திருக்கா? ஆன்லைனில் வாங்கினால் அடிப்பாகத்தின் தெளிவான போட்டோவைக் கேளுங்கள். "மேல ஒரு போட்டோ போதாதா?" என்று விற்பவர் மழுப்பினால் அந்தப் பொருளை விட்டுவிடுவது நல்லது.

வளைந்த பிளாஸ்டிக் உடம்பும் இப்படித்தான். தொடக்க கால ட்ரை-ஆங் ரயில்களில் பயன்படுத்திய பிளாஸ்டிக் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். வெந்நீரில் போட்டு நிமிர்த்த முயன்றால் இன்னும் மோசமாகும். வேறு உடம்பு தேடுவதே வழி.

லயனல், மார்க்லின் எஞ்சின் என்றால்?

தேடும் முறை அதேதான். பாகங்கள்தான் வேறு.

அமெரிக்காவின் லயனல் எஞ்சின்கள் பெரியவை, மூன்று தண்டவாளத்தில் ஏசி கரண்டில் ஓடுபவை. அவற்றின் மோட்டாரில் நிரந்தரக் காந்தத்துக்குப் பதில் காயில்தான் இருக்கும். அதனால் காந்தம் வலுவிழக்கும் பிரச்சினை அங்கே இல்லை. அங்கே அடிக்கடி போவது 'இ-யூனிட்'. கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும்போது, முன்னால், நிறுத்தம், பின்னால் என்று திசை மாற்றும் சிறிய கருவி அது. போருக்குப் பிந்தைய லயனல் எஞ்சின்களுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் கையேடும், அதில் உள்ள எண்படியே பாகங்களும் நிறையக் கிடைக்கின்றன.

ஜெர்மனியின் மார்க்லின், 1859 முதல் இருக்கும் நிறுவனம். எஞ்சினின் எண்ணைக் கொடுத்தால், படத்தோடு பாகங்களின் பட்டியலைத் தரும் வசதி அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. அங்கே அதிகம் தேய்வது, நடுவில் இருந்து கரண்ட் எடுக்கும் அடிப்பாகப் பட்டைதான்.

டிஜிட்டலா மாத்தலாமா?

"ரிப்பேர்தான் பண்றோமே, அப்படியே டிஜிட்டல் டீகோடரும் போட்டுடலாமா?" என்று பலர் கேட்பார்கள். முடியும். ஆனால் மேலே சொன்னது போல எக்ஸ்04-ல் ஒரு பக்கக் கரண்ட் சேசிஸ் வழியாகப் போகிறது. அதை முழுதாகப் பிரித்து இன்சுலேஷன் செய்யாமல் டீகோடர் மாட்டினால், முதல் முறை ஸ்விட்ச் போட்டதுமே டீகோடர் எரிந்துவிடும். பழைய மோட்டார்கள் புதியவற்றைவிட அதிக கரண்ட் எடுப்பவை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எஞ்சினோடு வந்த பழைய பவர் கன்ட்ரோலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் ஒயரில் உள்ள ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். அது நேரடியாக மெயின் கரண்டில் செருகும் பொருள். அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், செருகிப் பார்க்காதீர்கள். ஓட்டுவதற்கு 12 வோல்ட் டிசி தரும் புதிய கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால்...

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது பொருள் எவ்வளவு ஒரிஜினலாக இருக்கிறது என்பதைத்தான். பளபளவென்று புது பெயின்ட் அடித்தால் மதிப்பு கூடாது, குறையும். கீறலோடு இருக்கும் பழைய பெயின்டுக்குத்தான் மரியாதை.

கழற்றிய பாகங்களை ஒரு சிறிய கவரில் போட்டு, எந்த எஞ்சினுடையது, எப்போது மாற்றியது என்று எழுதி, அதே பெட்டியில் வையுங்கள். பிரஷ், ரப்பர் போன்ற தேயும் பொருளை மாற்றுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் புகைபோக்கி, சக்கரம் போன்றவை புதிதாகச் செய்தவை என்றால், விற்கும்போது அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. நீங்கள் வாங்கும்போதும் அதைக் கேளுங்கள்.

சுருக்கமாக...

அடிப்பாகத்தில் யார் பெயர் என்று பாருங்க. பெட்டியில் ஆர் எண்ணைப் பாருங்க. சர்வீஸ் ஷீட்டில் மோட்டார் எது என்று பாருங்க. பேட்டரி வைத்துச் சோதித்து, எது போயிருக்கிறது என்று முடிவு செய்யுங்க. அடிச்சட்டத்தில் விரிசல் இல்லை என்றால் மட்டும் பாகத்துக்குப் பணம் போடுங்க.

இத்தனையும் செய்த பிறகு, பல நேரங்களில் தேவைப்படுவது இரண்டு துண்டு கார்பனும் ஒரு சொட்டு எண்ணெயும்தான். பரணில் இருக்கும் அந்தப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை இறக்கிப் பார்த்துடுங்க.